அடித்தவன் போன பின்

1612 ஜூனில் சாந்தோமிலிருந்து கிளம்பி வந்த போர்த்துக்கீசியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர் வைத்திருந்த பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். மறு ஆண்டே அங்கு ஒரு டச்சுக் கோட்டை எழுந்துவிட்டது. கட்டியவர் வெம்மர் வான் பெர்க்கெம். பிறந்த மாகாணத்தின் நினைவாக அதற்கு ஜெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாக வடக்கே போய்ப் பாலத்தைத் தாண்டினால் கோட்டை நின்ற இடத்தையும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் இன்றும் பார்க்கலாம். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கோட்டையில் என்ன தயாரானது என்று கேட்பவர்கள் குறைவு. வெடிமருந்து தயாரானது. பத்தாவியா முதலிய டச்சுக் கம்பெனித் தளங்களுக்கும், ஐரோப்பாவுக்குத் திரும்பும் கம்பெனிக் கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் பழவேற்காட்டு வெடிமருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

அதே கம்பெனி கிழக்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1609இல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளில் டச்சு அட்மிரல் வெர்ஹூவனும் அவருடைய ஆட்களும் பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டனர். அன்று தப்பியவர்களில் ஓர் இளம் வணிகர், யான் பீட்டர்சன் கூன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1621இல், அவர் தலைமை ஆளுநராகப் படையோடு திரும்பி வந்தார். தீவின் தலைவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். சுமார் பதினைந்தாயிரம் என்று மதிப்பிடப்படும் மக்களில் அங்கே மிஞ்சியவர்கள் ஓராயிரம் அளவுக்குத்தான். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், மலையில் பட்டினி கிடந்து செத்தார்கள், அல்லது அடிமைகளாக நாடு கடத்தப்பட்டார்கள். வெறிச்சோடிய ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யப் பல நாடுகளிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் சோழமண்டலக் கரையின் ஆட்களும் உண்டு. இந்தக் கரையில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றுக்கொண்ட ஏழைகளைக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது.

அட்மிரலைக் கொன்றவர்கள் எத்தனை பேர்? தண்டனை அனுபவித்தவர்கள் எத்தனை பேர்? எங்கோ நடந்த அந்தப் பழிவாங்கலின் மிச்ச வேலையைச் செய்யப் பண்டாவுக்குப் போய்ச் சேர்ந்த தமிழ், தெலுங்குக் குடியானவர்களுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

போரைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்று நினைக்கும் எல்லாருக்குமான கேள்விகள் இவை. பதிலடி என்ற சொல்லைக் கேட்டதும் அடித்தவன் திருப்பி அடி வாங்குவதுபோல ஒரு படம் மனதில் எழுகிறது. நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. அடித்தவன் போய்விடுகிறான். அவன் போன பின் அங்கே நிற்பவர்கள் மேல்தான் அடி விழுகிறது. காட்டுப்பள்ளிக் கரையில் நின்று பார்த்தால் இது தெளிவாகவே தெரியும்; இந்தக் கரை வெறும் பார்வையாளராக இருந்த காலம் குறைவு. 1781இல் ஐரோப்பாவில் பிரிட்டனும் ஹாலந்தும் மோதிக்கொண்டதற்காகப் பழவேற்காட்டை ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். 1825இல் ஊர் ஒரேயடியாகக் கைமாறியது. அந்த ஒப்பந்தங்கள் எதிலும் இந்த ஊர்க்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றைய காட்டுப்பள்ளியும் தூரத்துப் போர்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. இங்குள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில் கடலோரக் காவல்படைக்கான ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டன. 2022 ஆகஸ்டில் 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுது பார்க்க இங்கே வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. சீனாவிலிருந்து கராச்சிக்குப் போகும் வழியில் வந்த சரக்கில், கண்ணீர்ப்புகைக்குப் பயன்படும் இரசாயனம் இருந்ததைச் சுங்கத்துறை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பிடித்த செய்தி 2024இல் வந்தது. 2018இல் இத்துறைமுகத்தை வாங்கிய அதானி குழுமம், 2023இல் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தையும் ஓர் இஸ்ரேலிய நிறுவனத்தோடு கூட்டாக வாங்கியது. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் ஈரானின் ஏவுகணைகள் ஹைஃபாவிலும் விழுந்தன. அதே நாட்களில் ஈரானுக்குக் கூலிக்கு மீன்பிடிக்கப் போயிருந்த தமிழ்நாட்டு மீனவர்கள் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் தென்மாவட்டத்தவர், ஊர் திரும்ப வழியின்றி அங்கே மாட்டிக்கொண்டார்கள். வலை இழுக்கப் போனவர்கள் இரண்டு அரசுகளின் பதிலடிக்கு நடுவே நின்றார்கள்.

ஆனால் தமிழ் வாசகர் இந்தக் கேள்வியைச் சரியாக எடைபோட வேண்டுமானால் இலங்கைக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் பதிலடியின் முழுச் சங்கிலியும் கண்ணி கண்ணியாகத் தெரிகிறது.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் வைத்த கண்ணிவெடியிலும் சூட்டிலும் 13 இராணுவ வீரர்கள் இறந்தார்கள். தாக்கியவர்கள் இருளில் கலைந்துவிட்டார்கள். அங்கே எஞ்சியது யாழ்ப்பாணத்துத் தெரு. ஆத்திரத்தில் கிளம்பிய படையினர் அந்தத் தெருக்களில் கண்ணில் பட்ட பொதுமக்களைச் சுட்டார்கள். மறுநாள் கொழும்பு பொரளை மயானத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்யக் கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித்தேடி எரித்தார்கள். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 இரண்டு நாட்களிலும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். நாடெங்கும் இறந்தவர்களை அரசு சில நூறு என்றது. மூவாயிரம் வரை போகும் மதிப்பீடுகளும் உண்டு. வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவருக்குத் திருநெல்வேலிச் சம்பவத்தில் எந்தப் பங்கும் இல்லை. அவருக்கு முகவரி இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985 மே மாதம், ஒரே வாரத்தில் மூன்று நிகழ்வுகள். வல்வெட்டித்துறையில் படையினர் இளைஞர்களைக் கொன்றார்கள். மே 14 அன்று புலிகள் அநுராதபுரத்துக்குள் புகுந்து பேருந்து நிலையத்திலும் மகாபோதி வளாகத்திலும் சுட்டார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்களும் வழிபட வந்தவர்களுமாக 146 பேர் இறந்தார்கள். மறுநாள் நெடுந்தீவிலிருந்து கிளம்பிய குமுதினி என்ற பயணிகள் படகை நடுக்கடலில் மறித்து, ஏறியவர்கள் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். குறைந்தது 23 பேர். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். குமுதினியில் இருந்தவர்கள் அரசு ஊழியர்கள், தாய்மார்கள், குழந்தைகள். அநுராதபுரம் என்ற ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் அதில் இருந்திருப்பார்கள்.

இலங்கைக்குப் போன இந்தியப் படையும் இதற்கு விலக்கல்ல. இதைச் சொல்லத் தமிழ்நாட்டில் பலருக்கும் நாக்கு தயங்கும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைப் பக்கமிருந்து புலிகள் சுட்டுவிட்டு நகர்ந்துவிட்டனர். பிறகு உள்ளே நுழைந்த இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் ஊழியர்களையும் கொன்றார்கள். ஏறக்குறைய எழுபது பேர். 1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் ஆறு இந்திய வீரர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து ஊருக்குள் கொல்லப்பட்ட பொதுமக்கள் ஐம்பதுக்கும் மேல். ராஜனி திராணகம உள்ளிட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய 'முறிந்த பனை' மருத்துவமனைக் கொலைகளையும் பதிவு செய்தது. இந்தியப் படை, இலங்கைப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்த புத்தகம் அது. ராஜனி 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கும் மேல் வீட்டையும் நிலத்தையும் விட்டு விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களைப் போலவே கடலையும் வாணிபத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

ஒவ்வொரு தரப்பும் இந்தப் பட்டியலை வேறொரு தேதியில் தொடங்கும். சிங்களத் தேசியவாதிக்கு ஜூலை 23 தொடக்கம். தமிழருக்கு அதற்கு முன்பே 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் இருக்கிறது, 1977 கலவரம் இருக்கிறது, 1958 கலவரம் இருக்கிறது. இன்று காஸாவைப் பற்றிப் பேசுவோரும் இதையே செய்கிறார்கள். ஒருவர் 2023 அக்டோபர் 7இல் தொடங்குகிறார், இன்னொருவர் 1948இல். தொடக்கத் தேதியைத் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்கிறவர் தன் பக்கத்துக் கொலை ஒவ்வொன்றையும் 'பதில்' என்று எழுதிவிடலாம். வரலாற்றின் காரண காரியங்களை ஆராய்வது அவசியம். ஆனால் நெடுந்தீவுப் படகில் இருந்த குழந்தையைக் கொல்வதற்கு எந்தத் தேதியும் நியாயம் ஆகாது.

பதிலடி ஏன் எப்போதும் நிற்பவர் மேலேயே விழுகிறது? அடித்தவனைத் தேடிப் பிடிக்க நாளாகும், உளவு வேண்டும், சாட்சி வேண்டும், பொறுமை வேண்டும். தோழனைப் பறிகொடுத்த சிப்பாய்க்கு அன்று மாலையே ஒரு முகம் தேவைப்படுகிறது. தலைநகரத்தில் இருப்பவருக்கு மறுநாள் செய்தியில் காட்ட ஒரு பதில் தேவைப்படுகிறது. அப்போது மொழியோ மதமோ ஊரோ அடையாளமாகிவிடுகிறது. இதைச் செய்யாவிட்டால் எதிரிக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. நடந்தது நேர் எதிர். 1983க்கு முன் இலங்கைத் தமிழ் இயக்கங்களில் இருந்தவர்கள் சொற்பம். அந்த ஜூலைக்குப் பிறகுதான் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படகேறிப் பயிற்சி முகாம்களுக்கு வந்தார்கள். ஜூலைக் கலவரத்தைவிடப் பெரிய ஆள்சேர்ப்பை எந்த இயக்கத் தலைவரின் பேச்சும் செய்யவில்லை.

இந்த மனநிலை தளபதிகளுக்கு மட்டும் உரியதல்ல. கடலோர ஊர்களில் ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர் குடும்பத்தையே ஊர்விலக்கு வைக்கும் வழக்கம் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொடுக்கும் நல்ல ஏற்பாடு. சண்டையைத் தவிர்க்கவே வந்தது. அந்தப் பாடு முறையை முன்னிட்டும் ஊருக்கும் ஊருக்கும் மோதல் வந்திருக்கிறது. தமிழ் மரபும் இரண்டு பக்கமும் பேசுகிறது. பகைவர் நாட்டை எரியூட்டுவதைத் தொல்காப்பியம் வஞ்சித் திணையில் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. போருக்கு முன் பெண்டிரும் நோயாளிகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்த அறத்துக்காக நெட்டிமையார் புறநானூற்றில் முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்கிறார். அரசன் செய்த பிழைக்கு மதுரையையே எரித்த கண்ணகிகூட, முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீக்கடவுளிடம் சொல்லியதாகத்தான் இளங்கோ எழுதுகிறார். அத்தனை சினத்திலும் தொடக்கூடாதவர்கள் என்று ஒரு வரிசை அவளுக்கு இருந்தது.

சட்டமும் அந்த வரிசையைத்தான் எழுதிவைக்க முயன்றது. அதிலும் மீனவருக்கு ஒரு பழைய இடம் உண்டு. 1898இல் கியூபாவின் கரைக்கு வெளியே அமெரிக்கக் கடற்படை இரண்டு மீன்பிடிப் படகுகளைப் பிடித்து ஏலம் விட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கரையோர மீனவரைப் போரில் தொடக்கூடாது என்ற வழக்கம் 1403இல் இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி பிறப்பித்த ஆணையிலேயே இருக்கிறது என்று காட்டி, படகுகளைப் பிடித்தது செல்லாது என 1900இல் தீர்ப்பு வந்தது. 1907 ஹேக் உடன்படிக்கை அதை எழுத்தில் வைத்தது. 1949இன் நான்காவது ஜெனிவா உடன்படிக்கை கூட்டுத் தண்டனையைத் தடை செய்தது. பொதுமக்களைப் பழிவாங்கத் தாக்கவே கூடாது என்று 1977இன் முதலாம் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. அந்த நெறிமுறையை இந்தியா, இலங்கை, இஸ்ரேல், அமெரிக்கா நான்குமே இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

இலங்கைப் போரின் கடைசி ஆண்டான 2009க்கு வருவோம். முள்ளிவாய்க்கால் எப்படிப்பட்ட இடம் என்று காட்டுப்பள்ளிக்காரருக்கு வரைபடம் வைத்து விளக்க வேண்டியதில்லை. காட்டுப்பள்ளியில் கிழக்கே கடல். மேற்கே கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஏரியும். நடுவே நீளமான மணல்திட்டு. முல்லைத்தீவுக் கரையும் அதே அமைப்புதான். கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல் களப்பு, இடையில் ஒடுங்கிய மணல். அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பகுதி பிப்ரவரியில் சுமார் 14 சதுர கிலோமீட்டர்; மே மாதம் இரண்டு மூன்று சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. லட்சக்கணக்கான மக்கள் அதற்குள். தண்ணீரைத் தாண்டினால்தான் வெளியேறலாம். களப்பைத் தாண்டப் போனவர்களைப் புலிகள் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மேல் அரசின் ஷெல் விழுந்தது. செஞ்சிலுவைச் சங்கம் காயமடைந்தவர்களைக் கடல் வழியாகத்தான் ஏற்றிச் சென்றது. அதற்கான படகுப் பயணங்களும் மே 9ஆம் தேதியோடு நின்றன.

இறந்தவர் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத வழக்கு. கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் மே 13 வரை 7,721 என்று எண்ணினார்கள். மர்சுகி தாருஸ்மான், யாஸ்மின் சூக்கா, ஸ்டீவன் ராட்னர் மூவரும் 2011இல் அளித்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை 40,000 வரை இருக்கலாம் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசின் மக்கள்தொகைக் கணக்குகளையே ஒப்பிட்டு 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று இலங்கை அரசின் ஆணைக்குழு முன் சொன்னார். அதே நிபுணர் குழு, மக்களைக் கேடயமாக நிறுத்தியதற்காகப் புலிகளையும், மருத்துவமனைகள்மீது ஷெல் அடித்ததற்காக அரசையும் குற்றம் சாட்டியது. ஒருவர் மக்களுக்குப் பின்னால் ஒளிந்தார் என்பது மற்றவருக்கு அந்த மக்களைச் சுடும் உரிமையைத் தராது.

தூரத்துப் பார்வையாளரான தமிழ்நாடு என்ன செய்தது? நிறையவே செய்தது என்பதுதான் உண்மை. 1983இலிருந்து மூன்று லட்சம் பேருக்கு மேல் அகதிகளாக வந்தார்கள், ஏற்றுக்கொண்டது. 1990 மார்ச்சில் இந்தியப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. 2009 ஜனவரியிலிருந்து இளைஞர்கள் தீக்குளிக்கும் அளவுக்கு வேதனை கொதித்தது. ஏப்ரல் 27இல் கருணாநிதி உண்ணாவிரதம் தொடங்கினார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததும் அன்றே முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஷெல் விழுந்தது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது.

குறை வேறொன்று. காத்தான்குடிக்காகச் சென்னையில் ஊர்வலம் போனவர் யார்? அநுராதபுரத்தில் பேருந்துக்குக் காத்திருந்து செத்தவர்களுக்காக மேடை போட்டது எந்தக் கட்சி? 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்த மற்றவர்களில் பலர் சாதாரணத் தமிழர்கள். கூட்டம் பார்க்க வந்தவர்களும் காவலுக்கு நின்றவர்களும் உண்டு. அவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன? அந்தக் கொலைக்கும் பதிலடி இருந்தது. கொலையில் பங்கே இல்லாத அகதி முகாம்வாசிகள் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். 1992இலிருந்து பலர் போர் நடக்கும் நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம்மவர் இறந்தால் அழுவது இயல்பு. நம்மவர் கொன்றபோது வாய் மூடியிருந்தால் அந்த அழுகையைப் பிறர் நம்ப மாட்டார்கள். இஸ்ரேலில் அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரையும், காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் 67,000ஐத் தாண்டிய பாலஸ்தீனச் சாவுகளையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறவருக்குத்தான் இரண்டைப் பற்றியும் பேசத் தகுதி இருக்கிறது. எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வையும் அவர் மறைக்கக் கூடாது.

காட்டுப்பள்ளி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் மொத்தம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, திருமணமும் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஊர் திரும்ப விரும்புகிறார்கள். பலருக்குத் திரும்ப ஊரே இல்லை; இதுதான் ஊர். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை அளிக்கவில்லை. ஒவ்வொரு மே 18ஆம் தேதியும் முள்ளிவாய்க்காலுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், முகாமில் இருந்து குடியுரிமை கேட்பவர்களுக்கு அதை வழங்கச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.